நான்கு காலும் ஒரு பலகையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியச் சொற்பொழிவு நிகழ்வது வழக்கம். இவ்வாண்டு நம் செயலாளர் என்னை அழைத்து, "நீர் மரவேலை கற்று வருகிறீராமே, அதைப் பற்றிப் பேசும்" என்று பணித்தார். நான் புலவன் அல்லன். இந்நகரின் தொழிற்சாலை ஒன்றில், கருவிக் கூடத்தில், முப்பத்து நான்கு ஆண்டுகள் இரும்போடு பழகி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின்னர் ஒரு முதிய மேஸ்திரியின் பட்டறைக்கு ஞாயிறுதோறும் சென்று வருகிறேன். அங்கே ஒன்பது ஞாயிறுகளில் ஒரு சிறு மேசை செய்து முடித்தேன். சாய்வு நாற்காலியின் அருகே ஒரு புத்தகமும் காப்பித் தம்ளரும் வைப்பதற்குரிய மேசை. அதற்குமேல் அதற்குப் பெருமை இல்லை. ஆயினும் அது எனக்குக் கற்பித்தவை பல. அவற்றுள் சில மரத்தைப் பற்றியவை; சில நம்மைப் பற்றியவை.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். சங்கத்தில் பேசுகிறவன் சொல்லாராய்ச்சி இன்றித் தப்ப முடியாதன்றோ! நாற்காலி, முக்காலி, மணை, கட்டில் ஆகியவை நம் சொற்கள். மேசை நம் சொல் அன்று, போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. அலமாரியும் சாவியும் சன்னலும் அவ்வாறே வந்தவை. மேசையைச் செய்யும் மேஸ்திரியும் அம்மொழிச் சொல்லே. தரையில் அமர்ந்து உண்டு, தரையில் அமர்ந்து எழுதிய மக்களுக்கு உயர்ந்த மேசை வேண்டியிருக்கவில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கமாக மட்டும் நிகழவில்லை. தேக்கு என்னும் தென்னாட்டுச் சொல் மலையாளக் கரையில் போர்ச்சுகீசியர் நாவில் ஏறி, பிறகு ஆங்கிலத்திலும் புகுந்தது. அவர்கள் மேசையைத் தந்தார்கள்; நாம் மரத்தைத் தந்தோம்.

நாம் வாழும் கன்னட நாட்டிற்கு வருவோம். என் மேஸ்திரி சிவகங்கைப் பக்கத்தவர். மரக்கடைக்காரரோ கன்னடர். இருவரும் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை. இவர் மரம் என்றால் அவர் மர என்கிறார். உளி இருவர்க்கும் உளியே. நம் பலகை அவர்க்கு ஹலகெ. நம் பலா அவர்க்கு ஹலசு. பகரம் ஹகரமாகத் திரிந்ததே வேற்றுமை. நம்மவர் பெருகி வாழும் அலசூர்கூடப் பலாத் தோப்புகளால் பெயர் பெற்றது என்பர்.

இனி மரம். தேக்கில் செய்யலாமா என்று கேட்டேன். "முதல் மேசைக்குத் தேக்கா? அது என்ன பாவம் செய்தது, ஐயா?" என்று கேட்டுவிட்டு, மேஸ்திரி சில்வர் ஓக் பலகைகளை எடுத்துப் போட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. குடகிலும் சிக்கமகளூரிலும் நீலகிரியிலும் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்ப்பர். மிளகுக் கொடியும் அதன்மேல் படரும். முற்றியபின் வெட்டப்பட்டு இந்நகர மரக்கடைகளுக்கு வருகிறது. இழைக்க இழைக்க வெள்ளிப் பொட்டுகள் போன்ற கோலங்கள் அதன் மேனியில் தோன்றும். விலையும் தேக்கைவிடக் குறைவு.

என் மேசையின் அளவைக் கூறுகிறேன், விரும்புவோர் குறித்துக்கொள்ளலாம். மேற்பலகை நீளம் 24 அங்குலம், அகலம் 15 அங்குலம், கனம் முக்கால் அங்குலம். இதற்கு ஐந்தங்குலப் பலகைகள் மூன்றை அருகருகே ஒட்ட வேண்டும். கால்கள் நான்கும் ஒன்றரை அங்குலச் சதுரம், 18 அங்குல உயரம். கால்களை இணைக்கும் சட்டங்கள் நான்கு, ஒவ்வொன்றும் மூன்றங்குல அகலம். எல்லாவற்றையும் கணக்கிட்டால் ஒரு கன அடியில் மூன்றில் ஒரு பங்கு மரமே ஆகிறது. சேதாரம் சேர்த்து அரைக் கன அடி வாங்கினால் போதும்.

முதல் மூன்று ஞாயிறுகளில் மேசையின் பேச்சே எழவில்லை. உளி தீட்டுவதும் இழைப்புளி பிடிப்பதுமே பாடம். சாணைக்கல்லின்மேல் உளியைச் சாய்த்துப் பிடிக்கும் கோணம் மாறலாகாது. அலகின் பின்பக்கம் கண்ணாடிபோல் தட்டையாக வேண்டும். தீட்டிய உளி முழங்கையின் மயிரை மழித்தால்தான் மேஸ்திரி தலையசைப்பார். மொக்கை உளிதான் கையை வெட்டும், கூர் உளி மரத்தை வெட்டும் என்பது பட்டறையில் பழகியவர் எல்லோரும் அறிந்தது. மொக்கை உளிக்கு மிகுந்த வலிமை வேண்டும். மிகுந்த வலிமை கொடுத்தால் உளி வழுக்கும். இழைப்புளியிலோ காதுதான் ஆசான். நாரோட்டத்தின் வழியே இழைத்தால் பட்டுத் துணி கிழிவதுபோல் ஓசை எழும். சுருள்சுருளாகச் சீவல் விழும். எதிராக இழைத்தால் மரம் முரண்டு பிடித்துப் பிய்ந்து வரும்.

ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் முயன்று ஒரே ஒரு தேர்க்காலைச் செய்தால் அஃது எத்தகையதாக இருக்கும்? அத்தகையவன் அதியமான் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வீரனுக்கு உவமை தேடியவர் சிங்கத்தையும் புலியையும் விட்டுத் தச்சனின் பொறுமையை நாடினார். பள்ளியில் இப்பாட்டைப் படித்த காலத்தில் எட்டுத் தேர் என்ற விரைவே எனக்கு வியப்பாக இருந்தது. மூன்று ஞாயிறுகள் உளி தீட்டியபின் அந்த ஒரு திங்கள்தான் வியப்பாக இருக்கிறது.

நான்காம் ஞாயிறு முதல் இணைப்பு வேலை. காலில் துளை, சட்டத்தின் முனையில் நாக்கு. சட்டம் ஒன்றுக்கு இரண்டு நாக்காக எட்டு நாக்கு, எட்டுத் துளை. முக்கால் அங்குலக் கனமுள்ள சட்டத்தில் நாக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது கால் அங்குலம் இருக்க வேண்டும். அதைவிடப் பருத்தால் துளையின் சுவர் மெலியும். மெலிந்தால் நாக்கே ஒடியும். பென்சில் கோடு தடித்தது. ஆகவே கூரிய கத்தியால் கோடு கீற வேண்டும். அந்தக் கீறலிலேயே உளி தானாகப் போய் அமரும். கொட்டாப்புளியால் தட்டித் துளையைப் பாதி ஆழம் எடுத்தபின், நாக்கைச் சிறிது சிறிதாகச் சீவிப் பொருத்திப் பார்க்க வேண்டும். கையால் அழுத்தினால் நுழையவும் வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் நழுவாமல் நிற்கவும் வேண்டும். அந்த ஒரு நொடியின் மகிழ்ச்சியைச் சொல்ல எனக்குத் தமிழ் போதவில்லை.

முற்காலத்தில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தைச் சூடாகப் பூசி ஒட்டுவர். அதன் நாற்றம் பட்டறைக்கு வெளியேயும் வீசும் என்று மேஸ்திரி கூறுவார். 1959இல் ஃபெவிகால் வந்தது, நாற்றம் போயிற்று. ஒட்டிக் கிளாம்பு போட்டு இறுக்கியதும், சட்டகத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமானால் சதுரம் சரி. கணக்கு வகுப்பில் இது எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, இதோ விடை.

இரும்புக்காரனாகிய எனக்கு மரம் கற்பித்த பெரிய பாடம் ஒன்றுண்டு. நம் காலனியில் லேத்திலும் மில்லிங்கிலும் பழகியவர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். 15 அங்குல எஃகுத் தகடு பத்துப் பாகை வெப்பம் கூடினால் எவ்வளவு நீளும்? ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதற்கே நாம் கவலைப்பட்டு அறையைக் குளிர்விக்கிறோம். அதே அகலமுள்ள மரப்பலகையில் ஈரம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடினால் அகலம் ஏறத்தாழ ஒரு நூல் வளரும்; அங்குலத்தில் எட்டில் ஒரு பாகமே தச்சர் கணக்கில் ஒரு நூல். நீளவாக்கிலோ மாற்றம் இல்லையென்றே கூறலாம். அறுத்துப் பல ஆண்டு ஆனபின்னும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். பெங்களூரின் வறண்ட பங்குனியில் செய்த மேசையைச் சென்னைக்குக் கொண்டுபோனால், கடற்காற்றில் மேற்பலகை விரியும். சட்டத்தோடு அதை ஆணியடித்தோ ஒட்டியோ இறுக்கியிருந்தால் பலகை வெடிக்கும். அல்லது சட்டத்தைப் பிளக்கும். எனவே சட்டத்தின் உட்புறம் காடி எடுத்து, அதில் நாக்கு நீட்டிய சிறு பிடிகட்டைகளை நுழைத்து, அவற்றைப் பலகையோடு திருகாணியால் பிணைப்பர். பலகை மேலெழும்பாது, ஆனால் பக்கவாட்டில் நகர இடம் இருக்கும். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இவ்வேற்பாட்டின் அருமை எளிதில் விளங்கும்.

தொல்காப்பியரும் இங்கே நினைவுக்கு வருகிறார். உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் அவர் பிரித்தார். ஆகவே பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லாயின. தாவர நூலார் இன்று செய்யும் பகுப்புக்கு இது மிக அணுக்கமானது. பனஞ்சட்டத்தில் வெளிப்புறத்தை ஏன் வைத்துக்கொண்டு உட்புறத்தைக் கழிக்கிறார்கள் என்பதும் இதனால் விளங்கும். இலக்கண ஆசிரியர் தச்சுப் பட்டறையில் சில நாள் உட்கார்ந்திருப்பார் போலும்!

பெரியோர்களே! இதுவரை மரத்தைப் பற்றிப் பேசினேன். இனிச் சொல்லப்போவதே நான் சொல்ல வந்தது.

ஒரு நாள் உணவு இடைவேளையில் மேஸ்திரியிடம், "உங்கள் மகனும் இக்கலையைக் கற்றாரா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "ஐயா, நீங்கள் விரும்பி வந்தீர்கள். என் பத்தாம் வயதில் 'உனக்கு விருப்பமா?' என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. என் மகன் உளியைத் தொட்டபோதெல்லாம் அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி வைத்தேன். அவன் படித்தான்" என்றார். மகன் இப்போது கணிப்பொறி நிறுவனத்தில் இருக்கிறார். மேஸ்திரியின் கையில் இருக்கும் அறுபது ஆண்டுத் திறமை அக்குடும்பத்தில் அவரோடு முடிகிறது.

அவர் செய்தது சரி என்றே நான் கூறுவேன். அவர் செய்த நாற்காலியில் நாம் அமர்ந்துகொண்டு, அவரை நிற்கவைத்துக் கூலி பேசியவர்கள் அல்லமோ? அவ்வாறு நின்ற தந்தை தம் மகனையும் அவ்விடத்தில் நிறுத்த விரும்புவாரா?

ஔவையார் பாடிய மற்றொரு புறப்பாட்டு உண்டு. அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தினான். ஔவையார் வாயில்காவலனை நோக்கிச் சினந்து, கலை வல்லார்க்கு இவ்வுலகம் எத்தகையது என்று உரைத்தார்: கைத்திறம் வாய்ந்த தச்சச் சிறுவர் மழுவோடு காட்டிற்குள் புகுந்தால் எப்பக்கமும் அவர்க்கு மரம் இருப்பதுபோல, எங்களுக்கு எத்திசையிலும் உணவு உண்டு என்பது அதன் கருத்து. பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த நம் முன்னோர் ஒவ்வொருவரும் இப்பாட்டைத் தம் பாட்டாகக் கொள்ளலாம். ஆனால் அதில் வரும் சிறுவர் யார்? தச்சனின் மக்கள். வேறு வீட்டுப் பிள்ளைகள் அக்காட்டிற்குள் போகவில்லை. தச்சனின் பிள்ளைகள் வேறு காட்டிற்குப் போகவும் இல்லை.

1953இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராசாசி ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்ததைப் பெரியோர் அறிவீர்கள். அவர் இந்நகரின் சென்ட்ரல் கல்லூரியில் பயின்றவர். நமக்கு அயலார் அல்லர். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. எஞ்சிய நேரம் பிள்ளைகள் தத்தம் குடும்பத் தொழிலைக் கற்கட்டும் என்றது அத்திட்டம். குலக்கல்வி என்று பெயரிட்டுத் தமிழ்நாடு கொதித்தெழுந்தது. 1954இல் இராசாசி பதவி விலகினார்; காமராசர் முதலமைச்சரானார்; திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழில் கல்வியின் நன்மையை இராசாசி கண்டார் என்பதை மறுக்க மாட்டேன். தச்சன் மகனுக்கு உளி, வழக்கறிஞர் மகனுக்குச் சட்டப் புத்தகம் என்று பிறப்பே பாடத்தைப் பங்கிடும் என்பதை அவர் காணவில்லை. கொதித்தெழுந்தவர்கள் பக்கமே நீதி இருந்தது.

அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 2023 செப்டம்பர் 17ஆம் நாள் நடுவண் அரசு 'விசுவகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. பதினெட்டுக் கைத்தொழில்களுள் தச்சும் ஒன்று. பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய், கருவிகள் வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டிக் கடன் என உதவிகள் நல்லவையே. குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு ஏற்காமல், அத்திட்டத்தை அவ்வடிவில் நடைமுறைப்படுத்த இயலாதென்று 2024இல் தெரிவித்தது. 2025இல் அந்நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. எழுபது ஆண்டுக்குப் பின்னும் கேள்வி அதுவே: உளியை யார் பிடிப்பது?

என் விடை எளியது. எல்லோரும் பிடிக்க வேண்டும். குலக்கல்வியை எதிர்த்து வென்ற நாம், அவ்வெற்றியின் மறுபாதியைச் செய்யாமல் விட்டோம். தச்சர் பிள்ளைகள் பொறியியல் கற்றார்கள், மகிழ்ச்சி. பொறியாளர் பிள்ளைகள் தச்சு கற்றார்களா? பின்லாந்து நாட்டார் 1866இலேயே மக்கள் பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கினர். அங்கே அமைச்சர் மகளும் மரம் அறுக்கக் கற்கிறாள். அதனால் அவள் குலம் குறைவதில்லை.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டா. கடல் கடந்த நம் தமிழரே இதைச் செய்து காட்டியிருக்கின்றனர். 1910இல் தென்னாப்பிரிக்காவில் ஜோகனஸ்பர்க் நகருக்கு இருபத்தொரு மைல் தொலைவில், 1,100 ஏக்கர் நிலத்தில், காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். நிலத்தை வழங்கியவர் அவருடைய நண்பரும் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் கல்லன்பாக். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். பண்ணைக்கு வேண்டிய பெட்டி முதல் விசிப்பலகை வரை அனைத்தையும் தாங்களே செய்துகொண்டனர். தச்சுப் பகுதிக்குத் தலைவர் கல்லன்பாக். அவருடைய வேலை நுணுக்கத்தைக் காந்தியடிகள் பிற்காலத்தில் வியந்து எழுதியிருக்கிறார். அங்கே இழைப்புளி பிடித்த தமிழ்ச் சிறுவரிடம் குலம் என்ன என்று எவரும் கேட்டிரார். காந்தியடிகளே செருப்புத் தைக்கக் கற்ற இடம் அது.

நம் நகரில் வசதிக்குக் குறைவில்லை. மல்லேசுவரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1938இல் மைசூர் அரசின் வன ஆய்வுக் கூடமாகத் தோன்றி, 1988இல் இப்பெயர் பெற்றது. அங்கே மரவேலைப் பயிற்சி மையம் ஒன்றும் உண்டு. அடுக்கு மாடி வீடுகளில் இன்று அலமாரி செய்வோருள் இராசஸ்தானத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தோர் மிகுதி. மகத வினைஞர், மராட்டக் கம்மியர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர் ஆகியோர் தமிழ் வினைஞரோடு கூடிச் சோழனுக்கு மண்டபம் அமைத்ததாக மணிமேகலை கூறுகிறது. தச்சர் எக்காலத்திலும் ஊர் கடந்து செல்வோர்தாம். நம் வீட்டிற்கு வரும் இளைஞரிடம், எந்த ஊர், எவரிடம் கற்றாய் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு நாற்காலியும் போடுங்கள்.

முடிவாகச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். சங்கக் கட்டடத்தின் பின்னே பழைய தட்டுமுட்டுப் பொருள்கள் கிடக்கும் கொட்டகை ஒன்று உண்டல்லவா? அதை ஞாயிறு காலைகளில் மூன்று மணி நேரம் திறந்து தர வேண்டும். மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். அவர் வர இசைந்தார். ஆசிரியர்க்குரிய ஊதியம் தர வேண்டும், கூலி என்று அதைச் சொல்லலாகாது என்பது என் நிபந்தனை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் வரலாம். எண்மரைத்தான் முதலில் சேர்க்க முடியும். பெயர் கொடுத்தோர் இதுவரை ஐவர், அவர்களுள் மூவர் பெண்கள். வேண்டிய கருவிகள்: இழைப்புளி இரண்டு, கால், அரை, முக்கால் அங்குல உளிகள் இரண்டிரண்டு, கைரம்பம் இரண்டு, மூலைமட்டம் இரண்டு, கொட்டாப்புளி நான்கு, சாணைக்கல் ஒன்று, கிளாம்புகள் ஆறு. பட்டறையை மூடிவிட்டவர் வீட்டுப் பரணில் இவை துருப்பிடித்துக் கிடக்கலாம். துருவைப் பற்றிக் கவலை வேண்டா. அதை நீக்குவதே பிள்ளைகளுக்கு முதற்பாடம். மரத்திற்கு முதலில் சில்வர் ஓக் வாங்குவோம். தேக்குப் பலகை எவரேனும் நன்கொடையாகத் தந்தால் வாங்கி, இரண்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்வோம்.